இந்த அறையைத் தாண்டக் கூடாது

"பிடுங்கு லாம்பிஸ், பிடுங்கு! அந்த நீல ஒயரையும் சேர்த்துப் பிடுங்கு!"

கத்திக்கொண்டே வரவேற்பு மேசைக்கு அடியில் தவழ்ந்தாள் ஸ்மரோ. கையில் ஏற்கெனவே மூன்று ஒயர்கள். அடுத்தது வர மாட்டேன் என்று அடம்பிடித்தது. சுவரில் காலை முட்டுக்கொடுத்து ஒரே இழு. ஒயர் வந்தது. கூடவே உள்ளங்கை அகலத்துக்குக் காரையும் பெயர்ந்து வந்தது.

"அது மீன் தொட்டி ஒயரு," என்றது மேலேயிருந்து ஒரு குரல். "பாவம், அதுங்க மூச்சு விட வேணாமா?"

டோம்னா. பல வருடங்களாக அந்த மேசையில் உட்கார்ந்து, வருகிறவர்களை வரவேற்றுக்கொண்டிருப்பவள். அடுத்த ஈஸ்டருக்கு ஓய்வூதியம். காலுக்கடியில் ஒருத்தி நாலுகாலில் அலைவதைப் பார்த்தும் நகத்துக்குப் பாலிஷ் போடுவதை அவள் நிறுத்தவில்லை.

"தகவல் கசியுது டோம்னாக்கா! எந்த ஒயர் வழியாப் போகுதுன்னு தெரியல. எல்லாத்தையும் பிடுங்கித்தான் ஆகணும்."

"மீன் போய் யாருகிட்டம்மா தகவல் சொல்லப் போகுது?"

ஒவ்வொரு கணினித் திரையாகக் கண்ணை மூடியது. உள்ளேயிருந்து லாம்பிஸ் தலையை நீட்டினான். அலுவலகத்தின் கணினிகள் அத்தனையும் அவன் பொறுப்பு. தலைமுடியில் ஒட்டடை.

"எல்லாம் பிடுங்கியாச்சு ஸ்மரோ. இப்ப நம்மகிட்டேருந்து தகவல் வேணும்னா புறாவைத்தான் அனுப்பணும்."

இத்தனை அமளிக்கும் காரணமானவர் வாசல் ஓரமாக ஒரு பயணப் பெட்டியின் மேல் உட்கார்ந்திருந்தார். பெயர் அர்ஜிரிஸ். தெசலோனிக்கி நகரத்தில் நோன்பு நாட்களில் பாதி ஊர் தின்கிற எள் அல்வா அவருடைய ஆலையில் கிண்டியது. அவருடைய ஆலை என்பது மரியாதைக்குச் சொல்வது. உண்மையில் மாமனாருடையது. கிழவருக்கு எண்பத்தாறு வயது. ஆரிஸ் கால்பந்து அணி என்றால் உயிர். ஆலைச் சுவர் மஞ்சள், லாரி மஞ்சள், அல்வா டப்பா மஞ்சள். மகளைக் கட்டிக்கொடுக்கும்போது மாப்பிள்ளையிடம் அவர் கேட்டது ஒரே கேள்வி. "நீ எந்த அணி?"

காதல் மயக்கத்தில் அர்ஜிரிஸ் "ஆரிஸ்" என்று சொல்லிவிட்டார்.

அந்த ஒரு வார்த்தைக்காகக் கல்யாணமான நாளிலிருந்து மஞ்சள் துண்டைக் கழுத்தில் போட்டுக்கொண்டு மாமனார் பக்கத்தில் நின்று கைதட்டி வந்தார். உள்ளுக்குள் ரத்தக்கண்ணீர். ஏனென்றால் அவர் பிறந்ததிலிருந்தே ஆரிஸின் பரம எதிரியான பாவோக் அணி. கறுப்பு வெள்ளை. 'வியாபார விஷயமாக கஸ்தோரியா போகிறேன்' என்று வீட்டில் சொல்லிவிட்டு, கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு பாவோக் ஆட்டத்துக்குப் போவார். அதற்கு வருஷ டிக்கெட். அதை ஆலையின் விளம்பரச் செலவாக எழுத முடியுமா என்று கேட்கத்தான் இந்தக் கணக்கர் அலுவலகத்துக்கு வந்தார். முடியாது என்று பதில் வாங்கிக்கொண்டு போனார். விஷயம் அதோடு முடிந்திருக்க வேண்டும்.

"நான் இதைச் சொன்னது ரெண்டே இடத்துல," என்றார் அர்ஜிரிஸ். "கடவுள்கிட்ட ஒண்ணு, உங்ககிட்ட ஒண்ணு. கடவுள் வெளிய சொல்லல."

அலுவலகத்தின் முதலாளி அனெஸ்திஸ் பற்ற வைக்காத சிகரெட்டை உதட்டில் உருட்டினார். எக்னாடியா வீதி முழுக்க அவரிடம்தான் வரிக் கணக்கு. வரித்துறைக்கான கடவுச்சொல்லை ஆளாளுக்கு அவரிடமே கொடுத்துவைத்துவிட்டு, தங்களுக்கு வேண்டும்போது போன் போட்டுக் கேட்டுக்கொள்வார்கள். ஊரில் யாருக்கு எத்தனை வீடு, யாருக்கு யாரோடு விவாகரத்து, யாருடைய கடன் எந்த பேங்கில் என்பது அவருடைய மூன்றாம் மாடிக்குத் தெரியும்.

"அர்ஜிரிஸ், என் கண்ணைப் பாருங்க. எங்க ஆபீஸ்லேருந்து ஒரு ஈ கூட வெளிய போகாது."

"ஈ போகல சார். என் மானம் போயிடுச்சு. நேத்து மாமனார் இந்தப் பெட்டியை வாசல்ல தூக்கி வெச்சுட்டாரு. உள்ள என்ன இருக்கு தெரியுமா? மாத்துத் துணி ஒண்ணு கிடையாது. இத்தனை வருஷமா நான் போட்ட மஞ்சள் சட்டை, தொப்பி, துண்டு எல்லாத்தையும் கத்தரிக்கோலால வெட்டி வெட்டிப் போட்டிருக்கார்."

"அவருக்கு எப்படித் தெரிஞ்சுது?"

"உங்க கட்டடத்துக்குக் கீழ காபிக் கடை இருக்கே, அங்க ஊரானியான்னு ஒரு அம்மா. காபி குடிச்ச கப்பைக் கவிழ்த்து, கசடைப் பார்த்துக் குறி சொல்றவ. என் பொண்டாட்டி போய் உக்காந்திருக்கா. 'உன் வீட்டு ஆம்பளைக்கு வெளிச் சட்டை மஞ்சள், உள் நெஞ்சு கறுப்பு வெள்ளை. வருஷ டிக்கெட்டை ஆலைக் கணக்குல எழுதப் பார்த்தான்'னு சொல்லியிருக்கா. காபிக் கசடுல எங்கய்யா விளம்பரச் செலவு தெரியும்?"

டங்! மேசைக்கு அடியில் ஸ்மரோவின் தலை இடித்தது.

ஒயருக்கும் கசிவுக்கும் சம்பந்தமே இல்லை. தலையைத் தேய்த்தபடி வெளியே வந்தாள். கன்னத்தில் காரைத் தூள்.

அர்ஜிரிஸ் எழுந்தார். "ரெண்டு மணி வரைக்கும் இங்கதான் உக்காந்திருப்பேன். எனக்குப் போறதுக்கு வேற இடமும் இல்ல. எந்த ஆள் சொன்னதுன்னு எனக்குத் தெரியணும். இல்லேன்னா ஆலைக் கணக்கை இன்னிக்கே எடுத்துக்கிட்டு எதிர்ப்பக்கத்து ஆபீஸுக்குப் போயிடுவேன். ஏதென்ஸ்ல இருக்கற தகவல் பாதுகாப்பு ஆணையத்துக்கும் எழுதுவேன்." மறுபடி பெட்டியின் மேல் உட்கார்ந்தார்.

அனெஸ்திஸ் ஸ்மரோவைப் பார்த்தார். அந்தப் பார்வைக்கு அர்த்தம் அலுவலகத்தில் எல்லோருக்கும் தெரியும். ஏனென்றால் தகவல்களைக் காப்பது ஸ்மரோவின் வேலை. அதற்காகவே போன வருஷம் ஏதென்ஸ் போய்ப் படித்து, சான்றிதழைச் சட்டம் போட்டு மாட்டியிருந்தாள்.

வந்த வேகத்தில் அலுவலகத்தைக் கோட்டை ஆக்கினாள். அலமாரிக்கெல்லாம் பூட்டு. பழைய காகிதத்தை நூலாகக் கிழிக்க ஒரு இயந்திரம். லாம்பிஸ் அதில் முதல் நாளே தன் டையைக் கொடுத்துவிட்டான். வரவேற்பில் வாடிக்கையாளர் பெயரை உரக்கக் கூப்பிடக் கூடாது, எண்தான். "நூத்தி நாப்பத்தேழு, உள்ள போங்க" என்று டோம்னா கூப்பிடுவாள். அடுத்த நொடியே, "அட, ஸ்டெர்யோஸ்! மருமகளோட சண்டை தீர்ந்துதா? அந்தக் கடையை யாரு பேர்ல எழுதினீங்க?" என்று விசாரிப்பாள். ஸ்மரோ கண்ணாடித் தடுப்புக்குப் பின்னாலிருந்து கையை ஆட்டி ஆட்டி ஓய்ந்து போவாள்.

எல்லாவற்றுக்கும் மேல், புதன்கிழமை வகுப்பு. பின்னறையில் நடக்கும். கணினி கிடையாது, டெலிபோன் கிடையாது, உள்ளே வருவதற்கு முன் எல்லாருடைய கைப்பேசியையும் ஒரு பிஸ்கட் டப்பாவில் வாங்கி வைத்துவிடுவாள். கதவைச் சாத்துவாள். "நான் சொல்றது இந்த அறையைத் தாண்டக் கூடாது" என்று கம்பீரமாக ஆரம்பிப்பாள். ரகசியத்தை எப்படிக் காப்பாற்றுவது என்று உதாரணங்களோடு விளக்குவாள். அலுவலகத்தில் அனெஸ்திஸ் சிகரெட் பிடிக்க அவள் மிச்சம் வைத்திருந்த ஒரே இடமும் அதுதான். ஆகவே, வகுப்பு முழுக்க அவர் ஜன்னல் ஓரமாகப் புகை விட்டபடி தலையாட்டுவார்.

இப்போது அவர் தலை ஆடவில்லை.

"யாரு மேல சந்தேகம்?"

ஸ்மரோ வரவேற்பு மேசைப் பக்கம் திரும்பவே இல்லை. "நான் பேர் சொல்ல விரும்பல சார். நம்ம ஆபீஸ்லேருந்து தினமும் அந்தக் காபிக் கடைக்கு ஒருத்தர் போயிட்டு வர்றாங்க. போனா அரை மணி ஆகுது. அவ்வளவுதான் சொல்வேன்."

பேர் சொல்லாமல் சொல்வதில் அவள் கெட்டிக்காரி. அர்ஜிரிஸ், லாம்பிஸ், அனெஸ்திஸ் மூன்று தலைகளும் ஒரே நேரத்தில் டோம்னா பக்கம் திரும்பின. பாலிஷ் பூசிக்கொண்டிருந்த கை நின்றது.

"நானா?" என்றாள் டோம்னா. "காபி வாங்கப் போறவ நானு. காபி ஆற வேணாமா? அதுவரைக்கும் உக்காருவேன்."

"உக்காந்து?"

"மூட்டு வலியைப் பத்திப் பேசுவோம் சார். சத்தியமா ஆபீஸ் விஷயம் ஒரு வார்த்தை..."

அனெஸ்திஸ் கையை உயர்த்தினார். குரலில் கோபம் இல்லை, அதுதான் பயமாக இருந்தது. "டோம்னா, ரெண்டு மணிக்குள்ள வேற ஆள் கிடைக்கலேன்னா நீ வீட்டுக்குப் போக வேண்டியதுதான். ஓய்வூதியம் எல்லாம் அப்புறம் வக்கீல் வெச்சுப் பேசிக்கோ."

டோம்னா இழுப்பறையிலிருந்து ஒரு பையை எடுத்து, மேசை மேலிருந்த துளசித் தொட்டியை முதலில் உள்ளே வைத்தாள். பிறகு அதற்கு மூச்சு முட்டுமோ என்று வெளியே எடுத்தாள். மறுபடி உள்ளே வைத்தாள்.

ஸ்மரோ அதைப் பார்த்துக்கொண்டு நின்றாள். சந்தேகம் சரியாகத்தான் இருக்கும். ஆனால் சந்தேகத்தை வைத்து ஒருத்தியின் ஓய்வூதியத்தைப் பறிக்க முடியாது. ஆதாரம் வேண்டும். ஊரானியாவின் வாயிலிருந்தே அந்தப் பெயரை வரவழைக்க வேண்டும்.

இரண்டு மணிக்கு இன்னும் நேரம் இருந்தது. அனெஸ்திஸ் சிகரெட்டைப் பற்ற வைக்கப் பின்னறைக்குப் போனார். லாம்பிஸும் பின்னாலேயே போனான். கால் மணி நேரம் வழி யோசித்துவிட்டு ஸ்மரோ மாடிப்படியில் இறங்கி ஓடினாள்.

காபிக் கடையின் கடைசி மேசைதான் ஊரானியாவின் தர்பார். செம்பட்டைச் சாயம் பூசிய கொண்டை, கையில் ஸ்வெட்டர் ஊசி, மடியில் உருண்டை நூல். சுற்றிலும் நாலைந்து பெண்கள் தங்கள் கப்புகளைச் சாஸரில் கவிழ்த்து வைத்துக்கொண்டு, டாக்டர் வாசலில் காத்திருப்பது போல் முறைக்காகக் காத்திருந்தார்கள். ஸ்மரோ கறுப்புக் கண்ணாடி மாட்டிக்கொண்டு, வரிசையைத் தாண்டி எதிரே போய் உட்கார்ந்தாள். பின்னாலிருந்து முணுமுணுப்பு. அவள் கண்டுகொள்ளவில்லை. அளவான சர்க்கரையில் ஒரு காபி சொன்னாள். பிறகு மேசை மேல் குனிந்து, குரலைத் தாழ்த்தி:

"நான் இப்பச் சொல்றது இந்த மேசையைத் தாண்டக் கூடாது."

ஸ்வெட்டர் ஊசி நின்றது. ஊரானியா நிமிர்ந்து அவளைப் பார்த்தாள். தன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடி பார்த்தாள். அப்புறம் ஒரு சிரிப்பு. வயிற்றிலிருந்து கிளம்பி, தோள் குலுங்கி, மேசை மேலிருந்த கப்பெல்லாம் கிணுகிணுத்தது.

"என்ன சிரிப்பு?"

"ஒண்ணுமில்ல மகளே. குடி. அடிக் கசடை மட்டும் விட்டுடு, அதுல பல் மாட்டிக்கும்."

ஸ்மரோ குடித்தாள். கவிழ்த்தாள். கப்பு ஆறும் வரை பொறுமையில்லாமல் காலை ஆட்டினாள். ஊரானியா எடுத்து வெளிச்சத்தில் திருப்பினாள்.

"ம்ம். ஒரு தண்ணி தெரியுது. கண்ணாடிக்குள்ள தண்ணி. அதுக்குள்ள உயிர் தவிக்குது. மீனு! யாரோ ஒயரைப் பிடுங்கிட்டாங்க. 'அந்தப் பொண்ணு மீனைக் கொன்னுடுவா போலிருக்கே'ன்னு ஒரு ஆம்பளை கவலைப்படறான்."

ஸ்மரோ கறுப்புக் கண்ணாடியைக் கழற்றி மேசை மேல் வைத்தாள். மீன் தொட்டி ஒயர் பிடுங்கி ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. அதற்கப்புறம் டோம்னா நாற்காலியை விட்டு எழவே இல்லை. யாரோடும் போனில் பேசவும் இல்லை, கிளம்பும் வரை ஸ்மரோ அவளைவிட்டுக் கண்ணை எடுக்கவே இல்லையே.

அப்படியென்றால் டோம்னா இல்லை.

"எப்படி?" என்றாள். "எப்படித் தெரிஞ்சுது? உண்மையைச் சொல்லுங்க. மேல ஒருத்திக்கு வேலை போகப் போகுது. டோம்னாக்காவுக்கு."

சிரிப்பு சட்டென்று நின்றது. "டோம்னாவுக்கா? அவ வாயைத் திறந்தா மூட்டு வலியைத் தவிர ஒண்ணும் வராதே! எந்தப் படுபாவி அவ பேரைச் சொன்னது?"

ஸ்மரோ சாஸரை ஓரமாக நகர்த்தி வைத்தாள்.

ஊரானியா நூலை மேசையில் வைத்துவிட்டு எழுந்தாள். ஸ்மரோவின் மணிக்கட்டைப் பிடித்து, கடையின் சமையலறைக்குள் இழுத்துப் போனாள். பாத்திரம் கழுவும் தொட்டிக்கு மேலே ஒரு சின்ன ஜன்னல். வெளியே கட்டடத்தின் நடுவில் அடியிலிருந்து மொட்டை மாடி வரை ஓடும் காற்றுக்குழி. கொடியில் யாருடைய காலுறைகளோ தொங்கின.

"காதை வை."

வைத்தாள். மேலேயிருந்து ஒரு இருமல். அனெஸ்திஸ்! பக்கத்தில் நின்று இருமுவது போல் இருந்தது. அப்புறம் அவர் குரல்: "ஆமாமா, மத்தியானம் வந்துடறேன். வெண்டைக்காய்க்குத் தக்காளி நிறையப் போடு. போன தடவை மாதிரி வழவழன்னு வெச்சேன்னா நான் ஓட்டலுக்குப் போயிடுவேன், சொல்லிட்டேன்."

ஸ்மரோ ஜன்னலையும் குழியையும் மாறி மாறிப் பார்த்தாள். "எங்க பின்னறை!"

"கப்பு பேசறதை எப்பவோ நிறுத்திடுச்சு மகளே," என்றாள் ஊரானியா. "எங்கம்மா காலத்துல பேசுச்சு. இப்ப காபியே சரியில்ல. இந்தக் குழிதான் எனக்குப் படியளக்குது. ரெண்டாம் மாடி பல் டாக்டர், நாலாம் மாடி பாட்டு டீச்சர், மூணாம் மாடி நீங்க. உங்க மாடிதான் அருமை. மத்தவங்க பேசறதுக்கு ஒரு தலையும் வாலும் கிடையாது. உங்க மாடியில விவரமாச் சொல்றாங்க."

"அப்போ எங்க சார்தானா? அல்வா விஷயத்தை அவரா சொன்னார்?"

"அவரா? அவர் வெண்டைக்காயைத் தாண்டினதே இல்ல. அது வேற குரலு. நல்ல கணீர்னு. முதல்ல எல்லாம் நான் காதைக் கொடுத்துக்கிட்டே பாத்திரம் கழுவுவேன். இப்ப குழாயை மூடிட்டு நாற்காலி போட்டு உக்காந்துடறேன்."

"யாரு? எனக்குப் பேர் வேணும்."

ஊரானியா அவள் கன்னத்தில் ஒட்டியிருந்த காரைத் தூளை ஏப்ரன் நுனியால் துடைத்துவிட்டாள். பிறகு காதோரம் குனிந்து நாலே வார்த்தை சொன்னாள்.

ஸ்மரோ தொட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். பிறகு வெளியே வந்தாள். காபிக்குக் காசு வைக்க மறந்து போய், திரும்பி வந்து வைத்து, கறுப்புக் கண்ணாடியை மறந்து விட்டுவிட்டுப் போனாள்.

மூன்று மாடி. ஒவ்வொரு படியிலும் ஒரு யோசனை வந்தது. பேசாமல் இருந்துவிடலாம். டோம்னா மேல் பழி ஏற்கெனவே விழுந்தாகிவிட்டது. ஜன்னலை இன்றைக்கே செங்கல் வைத்து அடைத்துவிட்டால் யாருக்கும் எதுவும் தெரியாது. இரண்டாம் மாடி திருப்பத்தில் அந்த யோசனை நன்றாகவே இருந்தது. மூன்றாம் மாடிக் கதவைத் திறந்தபோது டோம்னா கோட்டு போட்டுக்கொண்டு, பையை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தாள். பையின் வாயிலிருந்து துளசி எட்டிப் பார்த்தது. பெட்டியிலிருந்து ஒரு மஞ்சள் துணித் துண்டை எடுத்து, அர்ஜிரிஸ் அவளுக்குக் கண்ணைத் துடைத்துக்கொள்ளக் கொடுத்துக்கொண்டிருந்தார்.

"எல்லாரும் பின்னறைக்கு வாங்க," என்றாள் ஸ்மரோ. "நீங்களும்தான் அர்ஜிரிஸ் சார். யாருன்னு தெரிஞ்சுடுச்சு."

பழக்க தோஷம், பிஸ்கட் டப்பாவை நீட்டினாள். எல்லாரும் கைப்பேசியைப் போட்டார்கள். அனெஸ்திஸ் ஜன்னல் பக்கம் நின்று புது சிகரெட்டைப் பற்ற வைத்தார்.

"ஊரானியா என்கிட்ட எல்லாத்தையும் சொல்லிட்டாங்க," என்று ஆரம்பித்தாள் ஸ்மரோ. "அந்த ஆள் இப்ப இந்த அறைக்குள்ளதான் இருக்கார்."

அடுத்த வாக்கியத்துக்கு அவள் மூச்சு எடுப்பதற்குள் லாம்பிஸ் கையைத் தூக்கிவிட்டான்.

"நான்தான்! தெரியும், நான்தான்! அந்த டிஸ்க்!"

"எந்த டிஸ்க்?"

"எல்லாத் தகவலையும் பிரதி எடுத்து வெள்ளிக்கிழமை வீட்டுக்குக் கொண்டுபோவேன்ல, அது. ரெண்டு வாரமா காணோம்னு தேடினேன். எங்கம்மா சமையல் மேசை ஆடுதுன்னு காலுக்கடியில வெச்சிருக்காங்க. எடுத்தா மேசை ஆடுதாம். தர மாட்டேங்கறாங்க."

அனெஸ்திஸ் வாயைத் திறந்தார். "ஊரோட கணக்கு மொத்தமும் உங்கம்மா மேசைக்கடியிலயா இருக்கு?"

"பத்திரமாத்தான் இருக்கு சார். மேல மாவு பிசையறாங்க."

டோம்னா கோட்டுக்குள் நெளிந்தாள். "ஊரானியா எப்படிக் கண்டுபிடிச்சான்னு தெரியல. ஆனா மறைச்சு என்ன பண்ண. நான் என் வீட்டுக்காரர்கிட்ட சொல்வேன் சார். எல்லாத்தையும். அவருக்குக் காது கேக்காது, அந்த தைரியத்துலதான்."

"காது கேக்காதவருக்கு எப்படிச் சொல்வே?"

"கத்தித்தான்."

"எங்க வெச்சு?"

"சாயங்காலத்துல பால்கனியில உக்காந்திருப்போம். காத்து நல்லா வரும்."

அர்ஜிரிஸ் தலையில் கை வைத்துக்கொண்டார். அனெஸ்திஸ் ஒரு நீண்ட இழுப்பு இழுத்துப் புகையை ஜன்னலுக்கு வெளியே விட்டார். பிறகு யாரையும் பார்க்காமல் தாழ்ந்த குரலில் சொன்னார்: "என் சவரக் கடைக்காரன்."

"சார்?"

"கேள்வி கேட்டுக்கிட்டே சிரைப்பான். கழுத்துல கத்தி இருக்கும்போது எவன்மா பதில் சொல்லாம இருப்பான்? உங்க அல்வா விஷயத்தைச் சொன்னேனா இல்லையான்னு ஞாபகம் இல்ல அர்ஜிரிஸ். பாதி சவரத்துல நான் தூங்கிடுவேன். தூக்கத்துல என்ன சொன்னேனோ."

"நீங்கள்லாம் சேர்ந்தா என்னை நம்பச் சொன்னீங்க?" என்றார் அர்ஜிரிஸ். "இதுக்கு நான் ஸ்டேடியம் மைக்குலயே சொல்லியிருக்கலாமே!"

"சரி, மூணு பேருமே ஒத்துக்கிட்டோம்," என்றார் அனெஸ்திஸ். அவமானத்தில் காது சிவந்திருந்தது. "மூணு பேர்ல யாருன்னு சொல்லிடு ஸ்மரோ. யாரா இருந்தாலும் இன்னிக்கே வீட்டுக்கு. நானா இருந்தா... நானா இருந்தா அதை அப்புறம் யோசிப்போம். யாரு?"

ஸ்மரோ கையைத் தூக்கினாள்.

"பேசும்மா, பேசறதுக்கு எதுக்குக் கை? உன்னைத்தானே கேக்கறேன்."

"பேசறதுக்குத் தூக்கல சார்."

அறையில் ஒருவருக்கும் புரியவில்லை. தூக்கிய கை தூக்கியபடியே இருந்தது. டோம்னாதான் முதலில் அந்தக் கையை உற்றுப் பார்த்தாள். மடியிலிருந்த பையை மெல்லக் கீழே வைத்தாள்.

"டோம்னாக்கா, கோட்டைக் கழட்டுங்க. உங்க மேல பழி போட்டதுக்கு மன்னிச்சுடுங்க. நீங்க எங்கயும் போக வேண்டாம்." ஸ்மரோ செருமிக்கொண்டாள். நெஞ்சை நிமிர்த்தினாள். எத்தனையோ புதன்கிழமைகளாக வாய்க்குப் பழகிப்போன அந்த வாக்கியம், அவளைக் கேட்காமலே கணீரென்று முதலில் வந்து நின்றது. "நான் இப்பச் சொல்றது இந்த அறையைத் தாண்டக் கூடாது..."

அனெஸ்திஸின் முதுகுக்குப் பின்னால், ஜன்னலுக்குக் கீழே, நாலைந்து பெண்கள் ஒரே நேரத்தில் 'உஷ்ஷ்' என்றார்கள். ஒரு நாற்காலி இழுபடும் சத்தம். குழாய் மூடும் சத்தம். காற்றுக்குழி வழியாக ஊரானியாவின் குரல் ஏறி வந்தது.

"என்னம்மா, இன்னிக்கு வியாழக்கிழமைதானே? உன் வகுப்பு புதன்கிழமையில்ல? போன வாரம் பேர் சொல்லாம அந்த அல்வா ஆலை மாப்பிள்ளை கதை சொன்னியே, நல்லா இருந்துச்சு. இன்னிக்கு யாரு கதை?"